நெருப்பில் வேகும் கல்லும் நீரில் இறுகும் கல்லும்

உணவுக்கும் உடைக்கும் அடுத்தபடியாக மனிதனுக்கு வேண்டுவது உறைவிடம். கூரை வீடுகள் கல் வீடுகளாக மாறி வரும் நம் கிராமங்களில், செங்கல் அறுத்துச் சூளையிடும் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறிட்டு வருகிறது. அத்தொழிலில் பெரியதொரு மாறுதல் இப்பொழுது நிகழ்ந்து வருகிறது. மண்ணைச் சுடாமலே, அனல் மின் நிலையத்துச் சாம்பலைக் கொண்டு கல் செய்யும் முறை எங்கும் பரவியுள்ளது. வழக்கில் இதனை ‘ஃப்ளை ஆஷ் கல்’ என்பர். இதன் இயல்பு யாது, இதனை மேற்கொள்வோர் கவனிக்க வேண்டியவை யாவை என்பதை இங்கு விளக்குவோம்.

மாறுதலுக்குக் காரணம்

சாதாரணச் செங்கல் ஒன்றின் எடை ஏறக்குறைய 3 கிலோகிராம். ஆகவே ஆயிரம் கல்லுக்கு 3 டன்னுக்குக் குறையாத மண் வேண்டும். அம்மண் வயலின் மேற்பரப்பிலிருந்து வெட்டப்படுமானால், பயிருக்கு ஊட்டமளிக்கும் பகுதியே சூளைக்குப் போய்விடுகிறது. அவ்வாறு இழந்த வளம் எளிதில் மீள்வதில்லை.

மறுபுறம், நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு 30 பங்குக்கு மேல் சாம்பலாகவே எஞ்சுவது வழக்கம். மேட்டூர், தூத்துக்குடி போன்ற இடங்களில் உள்ள மின் நிலையங்களிலிருந்து இச்சாம்பல் ஓயாது வெளிப்படுகிறது. இது குவிந்து கிடந்தால் காற்றுக்கும் நீருக்கும் கேடு. எனவே மத்திய அரசு 1999-ஆம் ஆண்டில் ஓர் அறிவிக்கை பிறப்பித்து, மின் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் கல் செய்வோர் சாம்பலைச் சேர்த்தல் வேண்டும் என விதித்தது. இவ்வெல்லை 2003-இல் 100 கிலோமீட்டராகவும், 2016-இல் 300 கிலோமீட்டராகவும் விரிந்தது. செங்கற்சூளைகளுக்கும் 2022-ஆம் ஆண்டில் புது விதிகள் வந்தன. சூடான புகை வளைந்து வளைந்து சென்று கற்களை நன்கு சுடும் ‘ஜிக்ஜாக்’ சூளை போன்ற, எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் அமைப்புகளுக்கு மாறுமாறு அவை கூறுகின்றன.

கல் இறுகும் விதம்

செங்கல் நெருப்பில் உறுதி பெறுகிறது. சாம்பற்கல்லோ நீரில் உறுதி பெறுகிறது. இவ்வேற்றுமையை மனத்தில் நன்கு பதித்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

சாம்பலில் மிக நுண்ணிய சிலிகா உள்ளது. அது தனியே இறுகாது. சுண்ணாம்பும் ஈரமும் கூடும்பொழுது மெல்ல வினை புரிந்து, சிமெண்டைப் போன்ற பிணைப்பை உண்டாக்குகிறது. இது நம் கொத்தனார்களுக்குப் புதிதன்று. செங்கல்லைப் பொடித்துச் சுண்ணாம்புடன் சேர்க்கும் சுர்க்கிக் கலவையும் இத்தத்துவத்தை ஒட்டியதே. 1895-இல் முடிக்கப்பெற்ற முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பையும் சுர்க்கியையும் கொண்டு கட்டப்பட்டதாகும். சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் மூன்றையும் கூட்டிக் கல் செய்யும் முறையை விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த பானுமதிதாஸ், காளிதாஸ் என்னும் ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிப் பரப்பினர். சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்டு சேர்ப்பதும் உண்டு.

எல்லாச் சாம்பலும் ஒரே தன்மையுடையதன்று. நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து பொதுவாகக் குறைவு. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் சாம்பலில் அது மிகுதி. ஆகவே ஓரிடத்துக் கலவை வீதத்தை மற்றோரிடத்தில் அப்படியே பின்பற்றுதல் தகாது. சாம்பல் வரும் இடம் மாறினால் புதிதாகச் சோதித்து வீதத்தை வகுத்துக்கொள்ள வேண்டும்.

இயந்திரம் மட்டும் போதாது

சாம்பலையும் கல்தூளையும் கலக்கும் இயந்திரமும், ஹைட்ராலிக் அழுத்த அச்சும் இருந்தால் தொழில் நடக்கும் எனப் பலர் எண்ணுகின்றனர். அச்சிலிருந்து வரும் கல் கூரிய விளிம்புடனும் ஒரே அளவாகவும் இருப்பதால், பார்ப்பவருக்கு அது முற்றிய கல்லாகவே தோன்றும். உண்மையில் அது பச்சைக்கல்லே. முதலில் ஓரிரு நாள் நிழலில் அசைக்காமல் வைத்து, பின்னர் இரண்டு மூன்று வாரம் நாள்தோறும் நனைத்து, ஈரம் உலராது காத்தால்தான் அது கல்லாகும்.

இங்கேதான் சிறு தொழிலாளர் இடர்ப்படுகின்றனர். நாளொன்றுக்கு 5,000 கல் செய்யும் களத்தில் 21 நாள் நனைப்பதென்றால், 1,05,000 கல் எந்நாளும் விற்காமல் நிற்கும். அவற்றுக்கு இடமும் நீரும் வேண்டும். அவற்றில் முடங்கும் மூலப்பொருட் செலவுக்கும் கூலிக்கும் பணம் வேண்டும். கடன் வாங்குவோர் இயந்திரத்தின் விலையை மட்டும் மதிப்பிட்டால், முதல் தவணை நெருங்கும்பொழுது ஐந்தாம் நாளிலேயே கல்லை விற்க நேரிடும். அக்கல் சுவரில் உதிரும். உதிர்ந்தால் ஏமாறுபவர் வீடு கட்டிய ஏழையே. பெயர் கெடுவதோ சாம்பற்கல் தொழில் முழுமைக்குமாம். ஆதலால் நனைப்புக் காலத்துக்குரிய நடைமுறைச் செலவையும் கடன் மதிப்பீட்டில் சேர்த்தல் இன்றியமையாதது. நீர் வளமில்லாத ஊரில் இத்தொழிலைத் தொடங்குமுன் பன்முறை யோசித்தல் நலம்.

கல்லைச் சோதிக்கும் வழி

விற்பவரும் வாங்குபவரும் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்றுண்டு. நன்கு உலர்ந்த கல்லை நிறுத்து, 24 மணி நேரம் நீரில் மூழ்க வைத்து, துடைத்து மீண்டும் நிறுக்க வேண்டும். உலர்ந்த எடை 3,000 கிராம், நனைந்த எடை 3,450 கிராம் எனின், கல் உறிஞ்சிய நீர் நூற்றுக்கு 15 பங்கு. சாதாரண வகைக் கற்களில் இது 20 பங்குக்கு மேற்படலாகாது என்பது இந்திய தர நிர்ணய விதி.

வலிமையைப் பொறியியற் கல்லூரிகளின் சோதனைக்கூடங்களில் அறியலாம். சதுர மில்லிமீட்டருக்கு 7.5 நியூட்டன் தாங்கும் வகுப்பு என்றால், 23 சென்டிமீட்டர் நீளமும் 11 சென்டிமீட்டர் அகலமும் உள்ள கல், ஏறக்குறைய 19 டன் பாரத்தைத் தாங்க வேண்டும் என்பது பொருள். இதற்காகும் கட்டணத்தைச் சிறு களத்தார் சிலர் கூடிப் பகிர்ந்துகொள்ளலாம்.

சூளைத் தொழிலாளர் நிலை

இயந்திரம் வந்தால் அச்சுப் போடும் ஆட்கள் குறைவர் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் மழைக் காலத்தில் சூளைத் தொழில் நின்றுவிடும். கூரைக்கொட்டகையில் நடக்கும் சாம்பற்கல் தொழிலோ ஆண்டு முழுவதும் நடைபெறக் கூடும். கலவையை அளத்தல், நனைத்தல், அடுக்குதல், நாட்குறிப்பு எழுதுதல் ஆகிய வேலைகளைப் பழைய சூளையாட்களுக்கே பயிற்றுவித்தால், பிழைப்பைத் தேடி அவர்கள் ஊர் விட்டு ஊர் போவது குறையும். சாம்பலைக் கொட்டும்பொழுது தூசி பறக்காதபடி ஈரமாக்குவதும், மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வதும் அவசியம்.

ஒவ்வோர் அடுக்கிலும் கல் செய்த தேதியைச் சுண்ணாம்பால் எழுதி வைக்கும் வழக்கம் எல்லாக் களங்களிலும் வரவேண்டும். தேதி தெரியாத கல்லை வாங்குவதில்லை என ஊரார் உறுதி கொண்டால், நாணயமான தொழில் நிலைக்கும். வயல் மண் வயலிலேயே தங்கும்.