பழைய டாக்சி வாங்குவோர் கவனத்திற்கு

மும்பையில் சேமிப்பைத் திரட்டிப் பழைய டாக்சி வாங்கும் நம்மவர்கள், "எப்.சி. இருக்கிறதா?" என்று கேட்டதோடு திருப்தியடைந்து விடுகிறார்கள். ஆய்வு நடந்த அன்று பிரேக், ஸ்டியரிங், விளக்கு, புகை ஆகியவை சரியாக இருந்தன என்பதற்கு மேல் அந்தத் தாள் எதுவும் சொல்லாது. அன்றைக்கு மட்டும் நல்ல டயர் மாட்டிக்கொண்டு போகும் கெட்டிக்காரர்களும் உண்டு! ஆகவே பழைய சான்றிதழ்களையும் கேட்டு வாங்கித் தேதிகளைப் பாருங்கள். டாக்சிக்கு 8 வயது வரை 2 ஆண்டுக்கொரு முறையும், பிறகு ஆண்டுதோறும் ஆய்வு உண்டு. இடையே பல மாதம் விடுபட்டிருந்தால், வண்டி ஏன் நின்றது, விபத்தா, எஞ்சின் வேலையா என்று விசாரிப்பது அவசியம். சொந்த உபயோகக் காருக்கோ முதல் 15 ஆண்டுகள் இந்த ஆய்வே கிடையாது. அதை வாங்குவோர் கூலி கொடுத்தாவது தெரிந்த மெக்கானிக்கை உடன் அழைத்துப் போவது நல்லது.