பெட்டியடியில் ஊரின் வரலாறு

சிறுவயது முதலே எனக்குச் சரித்திரத்தில் பெரும் ஆசை. இப்போது எமது ஊர் வரலாற்றுக் கழகத்தில் தொண்டராக இருக்கிறேன்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. பின்னர் இடம்பெயர்வுகளில் வீட்டு ஆவணங்களும் தொலைந்தன. எஞ்சியவற்றை உறுதிகளோடு ஒரே பையில் சுமந்து காத்தவர்களில் பலர் பெண்களே.

அந்தியேட்டியன்று வழங்கிய ஒரு கல்வெட்டுப் புத்தகம் போதும்; வம்சமும் உறவுமுறையும் அதில் கிடைக்கும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணைய நூலகம் இத்தகைய நினைவு மலர்களையும் சேகரிக்கிறது. நாங்கள் படமெடுத்ததும் மூலப்பிரதியை உரியவரிடமே கொடுத்துவிடுவோம். எல்லாம் இழந்தவரிடம் இதையும் வாங்கிக்கொள்வது முறையல்ல.

சகோதரிகளே, பழைய படங்களின் பின்புறத்தில் பென்சிலால் மெதுவாகப் பெயர், ஊர், ஆண்டு எழுதி வையுங்கள். படத்தில் உள்ளோரை அறிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.