காற்றை உடுத்தும் மாதங்கள்

1922 செப்டம்பர் 13 அன்று நியூயார்க் நகரத்தில் தொப்பிக்காகக் கலவரம் மூண்டது. அந்தக் காலத்தில் அமெரிக்க நகரங்களில் ஆண்கள் கோடையில் வைக்கோல் தொப்பி அணிவார்கள். செப்டம்பர் 15 வந்துவிட்டால் அதைத் தூக்கி வைத்துவிட்டு ஃபெல்ட் தொப்பிக்கு மாறிவிட வேண்டும். சட்டம் எதுவும் கிடையாது, ஊர் வழக்கம்தான். தேதி தாண்டியும் வைக்கோல் தொப்பியோடு யாராவது தெருவில் நடந்தால் விடலைப் பையன்கள் அதைப் பிடுங்கி மிதிப்பார்கள். அந்த ஆண்டு அவர்களுக்குப் பொறுமை இல்லை. கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே மன்ஹாட்டனின் மல்பெரி பெண்ட் பகுதியில் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் தொப்பிகளைப் பறிக்க ஆரம்பித்து, அப்படியே துறைமுகத் தொழிலாளர்களிடமும் கைவைத்தார்கள். அவர்கள் திருப்பி அடித்தார்கள். மன்ஹாட்டன் பாலத்தில் போக்குவரத்து நின்றுபோனது. சண்டை அடுத்தடுத்த நாட்களுக்கும் நீண்டது. நுனியில் ஆணி அடித்த தடிகளோடு கும்பல்கள் திரிந்தன, பலர் கைதானார்கள்.

வைக்கோல் தொப்பி போய்விட்டது, தேதி பார்க்கும் பழக்கம் முழுதாகப் போகவில்லை. செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தினத்துக்குப் பிறகு வெள்ளை உடுத்தக் கூடாது என்று அமெரிக்காவில் இன்றும் பாதி கேலியாகவும் பாதி நிஜமாகவும் சொல்வார்கள். ஜப்பானில் இது இன்னும் கறார். ஜூன் 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு இரண்டு முறை அங்கே சீருடைகள் மாறும். கிமோனோவில் அக்டோபர் முதல் மே வரை உள்துணி வைத்துத் தைத்தது, ஜூனிலும் செப்டம்பரிலும் உள்துணி இல்லாதது, ஜூலை, ஆகஸ்ட்டில் ஊடுருவித் தெரியும் மெல்லிய நெசவு. எத்தனை அடுக்குத் துணி என்பதை நாள்காட்டியே தீர்மானிக்கிறது.

ஆனால் கோடை முடிந்து இலையுதிர்காலம் தொடங்கும் அந்த ஆறேழு வாரங்கள் எந்தத் தேதிக்கும் கட்டுப்படுபவை அல்ல. மார்ச் 20-ஐ ஒட்டியும் செப்டம்பர் 22-ஐ ஒட்டியும் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். நியூயார்க்கின் மேல் சூரியன் ஏறும் உயரமும் ஒன்றுதான். இருந்தும் அங்கே பகலின் உச்ச வெப்பநிலை மார்ச்சில் சராசரியாக 10 டிகிரி செல்சியஸ், செப்டம்பரில் 24 டிகிரி. கோடை முழுக்க அட்லாண்டிக் கடலும் நிலமும் வாங்கிச் சேர்த்த வெப்பம் செப்டம்பரிலும் செலவாகிக்கொண்டே இருக்கிறது. அதே சமயம் பகல் நேரம் நாளுக்கு இரண்டரை நிமிடத்துக்கு மேல் சுருங்குகிறது. கனடாவிலிருந்து இறங்கும் வறண்ட காற்று மேகங்களைத் துடைத்துவிட்ட இரவுகளில், தரையின் வெப்பம் அகச்சிவப்புக் கதிராக நேரே விண்வெளிக்குப் போய்விடுகிறது. விளைவு, காலை எட்டு மணிக்கு 11 டிகிரி, மதியம் இரண்டு மணிக்கு 24 டிகிரி. நடுவில் அனலடிக்கும் சுரங்க ரயில் நடைமேடை, அதிலிருந்து ஏறினால் ஏசி விறைக்கும் ரயில் பெட்டி. ஒரே ஆள் ஒரே நாளில் நாலு பருவங்களைக் கடக்கிறார்.

இத்தனைக்கும் ஒரே உடுப்பு எப்படித் தாங்கும்? உடம்பின் கணக்கைப் பார்த்தால் புரியும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். அந்த வெப்பம் உண்டாகும் வேகத்திலேயே வெளியேற வேண்டும். வேகமாகப் போனால் குளிர், போகாமல் தங்கினால் புழுக்கம். தோல் 33 டிகிரியை ஒட்டி இருக்கும்போது நமக்கு எதுவுமே தோன்றாது. அந்த 'எதுவும் தோன்றாத' நிலையைத்தான் சுகம் என்கிறோம். துணி தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளியேறும் வெப்பத்தைத் தாமதப்படுத்துவது மட்டுமே அதன் வேலை.

இந்தத் தாமதத்தை அளக்க ஓர் அலகு இருக்கிறது, பெயர் க்ளோ. கேஜ், பர்ட்டன், பேசெட் என்ற மூன்று உடலியல் அறிஞர்கள் 1941-இல் முன்வைத்தது. 21 டிகிரி அறையில், காற்று அதிகம் அசையாத இடத்தில், உட்கார்ந்திருப்பவர் சுகமாக இருக்க எவ்வளவு துணி வேண்டுமோ அது 1 க்ளோ. அன்றைய ஆபீஸ்காரர் போட்டிருந்த கோட்டு சூட்டு கிட்டத்தட்ட அவ்வளவு வரும். இன்றைக்குக் கட்டடங்களுக்கு ஏசி வடிவமைக்கும் பொறியாளர்களிடம் ஒவ்வொரு உடுப்புக்கும் க்ளோ மதிப்பு போட்ட பட்டியலே உண்டு. உள்ளாடை 0.04, டி-ஷர்ட் 0.08, மெல்லிய பேன்ட் 0.15, சாக்ஸும் ஷூவும் சேர்த்து 0.04. ஆக, கோடையில் தெருவில் காணும் சாதாரண உடுப்பு மொத்தமே 0.31 க்ளோ. அதன் மேல் முழுக்கைச் சட்டை ஒன்று போட்டால் 0.25 கூடும். மெல்லிய ஸ்வெட்டர் இன்னொரு 0.25. மெல்லிய ஜாக்கெட் 0.36. எல்லாம் சேர்ந்தால் 1.17. அதாவது பையில் மடித்து வைக்கக்கூடிய மூன்று துணிகளால் காப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஏறுகிறது.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. உட்கார்ந்திருப்பவருக்கு 1 க்ளோ என்பது சுமார் 6 டிகிரிக்குச் சமம். எனவே அந்த மூன்று துணிகளும் சேர்ந்து பூங்கா பெஞ்சில் அசையாமல் இருப்பவருக்கு வாங்கித் தருவது 5 டிகிரி மட்டுமே. அவரே எழுந்து சாதாரண வேகத்தில் நடந்தால் உடம்பின் வெப்ப உற்பத்தி இரண்டரை மடங்காகிறது. அதே துணியைத் தாண்டிப் போகும் வெப்பம் கூடுவதால், துணி தரும் டிகிரிகளும் கூடுகின்றன. ஒரே ஸ்வெட்டர் பெஞ்சில் ஒன்றரை டிகிரி, நடைபாதையில் அதைவிட எவ்வளவோ அதிகம். பஸ் நிறுத்தத்தில் நடுங்கியவர் நாலு தெரு நடந்ததும் வியர்ப்பது இதனால்தான். வெளியே கிளம்பும்போது இலேசாகக் குளிர வேண்டும் என்று மலையேறுபவர்கள் சொல்வதும் இதே கணக்குத்தான். பத்து நிமிட நடையில் சரியாகிவிடும்.

சரி, கனமான ஒரே ஸ்வெட்டர் போதாதா, மூன்று மெல்லிய துணி எதற்கு? கழற்றிப் போட்டுக்கொள்ள முடியும் என்பது பாதி பதில். மீதிப் பதில் காற்றில் இருக்கிறது. அசையாத காற்றைப் போல வெப்பத்தைத் தடுக்கும் பொருள் அபூர்வம். கம்பளி இழையும் பருத்தி இழையும் தனித்தனியாகப் பார்த்தால் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துபவை. ஸ்வெட்டர் சூடாக இருப்பதற்குக் காரணம் அதன் சுருள் இழைகளுக்குள் சிக்கிய காற்று. இரண்டு துணிகளுக்கு இடையே ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால் அங்கேயும் காசு கொடுக்காமல் ஒரு காற்றுப் படலம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் இடைவெளி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் காற்று சுழல ஆரம்பித்து வெப்பத்தை மேலே ஏற்றிக்கொண்டு போய்விடும். தொளதொளவென்று தொங்கும் மேலாடைகளை அடுக்குவது பார்க்க நாகரிகமாக இருக்கலாம், வெப்பக் கணக்கில் நஷ்டம்.

கையால் பின்னிய ஸ்வெட்டர் ஒன்றை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கண்ணி கண்ணியாக வெளிச்சம் தெரியும். அந்த ஓட்டைகள் வழியேதான் அக்டோபர் காற்று உள்ளே புகுந்து, சிக்கியிருந்த வெதுவெதுப்பை அள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. அதன் மேல் தாள் போன்ற ஒரு விண்ட்சீட்டரைப் போட்டால் நிலைமை தலைகீழ். விண்ட்சீட்டருக்குத் தனியாகப் பெரிய க்ளோ மதிப்பு ஏதும் இல்லை. அது தடுப்பது வெப்பத்தை இல்லை, காற்றோட்டத்தை. ஸ்வெட்டர் காற்றைப் பிடிக்கிறது, விண்ட்சீட்டர் காவல் நிற்கிறது. இரண்டும் சேர்ந்து தருவது தனித்தனி மதிப்புகளின் கூட்டுத்தொகையைவிட அதிகம். ஃபிளானல் சட்டையின் ரகசியமும் இதுபோலத்தான். பருத்தித் துணியின் மேற்பரப்பைக் கம்பித் தூரிகையால் கீறி மயிர் எழுப்பிவிடுகிறார்கள். அந்த மயிரிழைகளுக்கு நடுவே தங்கும் காற்றுதான் தொட்டவுடன் 'சூடு' என்று சொல்ல வைக்கிறது.

காற்றை உடுத்தும் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய எதிரி ஈரம். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஒரு கிராம் வியர்வை ஆவியாக 2.4 கிலோஜூல் வேண்டும். மதிய வெயிலில் நடந்த பருத்தி டி-ஷர்ட்டில் 50 கிராம் வியர்வை ஊறியிருந்தால், அது உலர 120 கிலோஜூல். அத்தனையும் உடம்பிலிருந்தே போவதாக வைத்தால், சும்மா இருப்பவரின் இருபது நிமிட வெப்பம் முழுதும் சட்டையைக் காய வைக்கவே செலவாகும். அதனால்தான் மாலை ஆறு மணிக்கு, வெப்பமானி 17 டிகிரி காட்டும்போதே, முதுகில் சில்லென்று ஏறுகிறது.

கம்பளி இந்த இடத்தில் நடந்துகொள்ளும் விதம் எனக்கு எப்போதும் ஆச்சரியம். கம்பளி இழையின் வெளிப்புறம் எண்ணெய்ப்பசையுள்ள செதில்களால் ஆனது, நீர்த்துளி அதில் ஒட்டாமல் உருளும். உள்புறமோ நீராவியை விரும்பி உறிஞ்சும், தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை. உறிஞ்சிய பிறகும் கைக்கு ஈரம் தெரியாது. வாயு நிலையில் இருந்த நீர் இழைக்குள் கட்டுண்டு அடங்கும்போது, ஆவியாக அது வாங்கியிருந்த வெப்பம் வெளியே வருகிறது. உலர்ந்த அறையில் கிடந்த 300 கிராம் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பனி மூட்டத்துக்குள் இறங்கினால் அது 30 கிராம் நீராவியைக்கூட இழுக்கலாம். அப்போது 70 கிலோஜூலுக்கு மேல் வெப்பம் விடுபடும். துணி வெப்பத்தை உண்டாக்குவதில்லை என்று மேலே எழுதினேன். கம்பளி சிறிது நேரத்துக்கு அந்த விதியை மீறுகிறது. பாலியஸ்டருக்கு இந்த வித்தை வராது. அது ஒரு சதவீத ஈரத்தைக்கூட உறிஞ்சாது. அதற்குப் பதிலாகச் சீக்கிரம் காய்ந்துவிடும்.

கையில்லாத ஸ்வெட்டரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. கை குளிரும்போது கையை விட்டுவிட்டு மார்பை மூடி என்ன பயன்? நல்ல பயன். உடம்பின் நடுப்பகுதி குளிர ஆரம்பித்தால் மூளை முதலில் வெட்டுவது விரல்களுக்குப் போகும் இரத்தத்தை. மார்பும் வயிறும் வெதுவெதுப்பாக இருந்தால் விரல்களின் இரத்தக் குழாய்கள் திறந்தே இருக்கும். கையுறை இல்லாமலே கை சூடாகும். கழுத்தைச் சுற்றிய ஸ்கார்ஃப் சட்டைக் கழுத்து வழியே மேலெழும் வெப்பக் காற்றை அடைக்கிறது. அதைத் தளர்த்தினால் உடனே காற்றோட்டம் வந்துவிடும், ஜன்னல் கதவைத் திறந்தது போல. உடம்பின் வெப்பத்தில் பாதி தலை வழியே போகிறது என்பது மட்டும் கட்டுக்கதை. தலையின் பரப்பு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, போகும் வெப்பமும் கிட்டத்தட்ட அந்த அளவுதான்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. செப்டம்பர் பிறந்ததும் கடைகளில் செங்கல், கடுகு மஞ்சள், காப்பி நிறங்கள் வந்துவிடும். இலைகளில் பச்சையம் சிதைந்ததும் வெளிப்படும் நிறங்களின் நகல் அவை. அடர் நிறத் துணி வெயிலில் கூடுதல் வெப்பம் வாங்கும் என்பது உண்மை. ஆனால் 1980-இல் வெளியான ஓர் ஆய்வு, பாலைவனத்தில் வாழும் பெடூயின் மக்களின் தளர்ந்த கறுப்பு அங்கிக்கும் வெள்ளை அங்கிக்கும் தோலை எட்டும் வெப்பத்தில் வித்தியாசம் இல்லை என்று காட்டியது. கறுப்பு வாங்கிய உபரி வெப்பத்தை அங்கிக்குள் ஓடும் காற்று வெளியே தள்ளிவிட்டது. வெயிலே படாத நிழலிலும் மாலையிலும் பழுப்பு ஸ்வெட்டர் வெள்ளை ஸ்வெட்டரைவிடச் சூடு என்று நினைப்பது கண்ணின் வேலை.

இத்தனை கணக்கையும் போட்டபின் ஒரு புதிர் மிஞ்சும். ஏப்ரலில் 15 டிகிரிக்கு அரைக்கை சட்டையோடு புல்வெளியில் கிடப்பவர்கள், அக்டோபரில் அதே 15 டிகிரிக்குக் கோட்டைத் தேடுவது ஏன்? தோலின் நரம்பு நுனிகளில் குளிரை உணரும் புரதம் ஒன்று இருக்கிறது, டிஆர்பிஎம்8 என்று பெயர். புதினாவின் மென்தால் வாயில் சில்லென்று இருப்பதற்கும் அதுவே காரணம். டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படாபூடியன் ஆகியோர் தனித்தனியே அதைக் கண்டறிந்து 2002-இல் அறிவித்தார்கள். வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் புரதங்களைக் கண்டறிந்ததற்காக 2021 நோபல் பரிசு இருவருக்கும் போனது. குளிர் நரம்புகள் வெப்பநிலை என்ன என்பதைவிட, அது எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதற்குத்தான் அதிகம் கூச்சலிடுகின்றன. கூடவே, கோடையில் உடம்பு சீக்கிரம் வியர்க்கவும் தோலுக்கு அதிக இரத்தம் அனுப்பவும் பழகியிருக்கும்; அந்தப் பழக்கம் மறைய இரண்டு மூன்று வாரமாவது ஆகும். ரிச்சர்ட் டி டியர், கெய்ல் பிரேகர் ஆகியோர் நான்கு கண்டங்களின் கட்டடங்களில் எடுத்த சுமார் 21,000 அளவீடுகளை அலசி, 1998-இல் இதற்கு எண்ணே கொடுத்தார்கள். ஜன்னல் திறந்து வைக்கும் கட்டடங்களில், வெளியே சராசரி 10 டிகிரி இறங்கினால் மனிதர்கள் சுகம் என்று சொல்லும் அறை வெப்பநிலையும் 3 டிகிரி இறங்கிவிடுகிறது. உடம்பும் மனமும் மெதுவாக இறங்கி வருகின்றன. வானிலை அதைவிட வேகமாக இறங்குகிறது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் அந்த ஆறேழு வாரமும் துணியை அடுக்கி அடுக்கிக் கழற்றுகிறோம்.

ஆகஸ்ட் கடைசியில் சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் மேற்படிப்புக்காக நியூயார்க் போன்ற ஊர்களில் போய் இறங்கும் பிள்ளைகளின் பெட்டியில் பாதி இடத்தை ஒரு முரட்டு ஜாக்கெட் அடைத்திருக்கும். அது நவம்பர் வரை அலமாரியில் தொங்கும். அதற்குள் அதைவிட நல்லது அங்கேயே கிடைத்துவிடும். அந்த இடத்தில் ஒரு மெல்லிய கம்பளி ஸ்வெட்டர், இரண்டு முழுக்கைச் சட்டை, ஒரு விண்ட்சீட்டர் வையுங்கள். மாற்றிப் போட ஒரு உலர்ந்த பனியனைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அக்டோபர் முடிகிற வரைக்கும் அது போதும்.