முள் காட்டும் வேகம் மெய்யா?

கொல்கத்தாவின் மஞ்சள் நிற வாடகைக் கார்களைக் கண்டவர்களுக்கு அம்பாசிடர் என்னும் பெயர் புதிதன்று. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்டு, கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் இதனை உருவாக்கியது. 1950களின் இறுதியில் தொடங்கிய உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றது. ஆயினும், இக்காரைப் பேணிப் பாதுகாத்து ஓட்டுவோர் இன்றும் உள்ளனர்.

இத்தகைய பழைய கார்களில் அடிக்கடி காணப்படும் குறை ஒன்று உண்டு. வேகமானியின் முள் ஒரு வேகத்தைக் காட்டும். காரோ வேறொரு வேகத்தில் ஓடும். இதனைச் சிறு குறை எனத் தள்ளிவிட இயலாது. முள் 50 எனக் காட்டும்போது கார் உண்மையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். பிரேக்கை அழுத்திய பின் கார் ஓடி நிற்கும் தூரம், வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளரும். 60ஐ 50ஆல் வகுத்தால் 1.2 கிடைக்கும், 1.2 × 1.2 = 1.44. எனவே, கார் நிற்பதற்கு 44 விழுக்காடு மிகுதியான தூரம் தேவைப்படும். முள்ளை நம்பிய ஓட்டுநர் முன்செல்லும் வண்டிக்கு விட்ட இடைவெளி, ஆபத்து நேரத்தில் போதாமற்போகும்.

வேகமானி இயங்கும் முறை

பழைய காரின் வேகமானியில் மின்னணு உறுப்பு எதுவும் இல்லை. கியர்பாக்ஸின் பின்பகுதியில் உள்ள சிறு பற்சக்கரம், சக்கரங்களின் ஓட்டத்திற்கு ஏற்பச் சுழலும். அச்சுழற்சியை ஒரு நீண்ட கேபிள் வேகமானிக்குக் கொண்டு செல்லும். கேபிளின் வெளியுறை அசையாது; உள்ளே இருக்கும் முறுக்குக் கம்பி மட்டும் சுழலும்.

வேகமானியின் உள்ளே, அக்கம்பியோடு இணைந்த காந்தம் ஒன்று உண்டு. அதனைச் சூழ்ந்து ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கும். காந்தமும் கிண்ணமும் ஒன்றையொன்று தொடுவதில்லை. எனினும், காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து, கிண்ணத்தையும் உடன் இழுக்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று அதனைத் தடுத்துப் பின்னுக்கு இழுக்கும். இவ்விரண்டு விசைகளும் சமமாகும் இடத்தில், கிண்ணத்தோடு பொருத்தப்பட்ட முள் நிற்கும். ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ட்சே 1902ஆம் ஆண்டில் இவ்வமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்.

கார் கடந்த மொத்தத் தூரத்தைக் காட்டும் தொலைவுமானியும் அதே கேபிளால்தான் இயங்குகிறது. ஆனால், அதில் காந்தத்திற்கு வேலை இல்லை. பற்சக்கரங்களே எண்களை நகர்த்துகின்றன. குறையைக் கண்டறிவதற்கு இந்த வேறுபாடு பெரிதும் உதவும்.

குறை உண்டா என அறிதல்

முதலில் வேகமானியின் முகப்பைப் பார்க்க வேண்டும். சில பழைய கார்களில் வேகம் மைல் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு மைல் ஏறத்தாழ 1.609 கிலோமீட்டர். இதனை அறியாமல், பழுதற்ற கருவியைப் பழுதுடையது எனக் கருதியோரும் உண்டு.

அடுத்து, நெரிசலற்ற நேரான நெடுஞ்சாலையில் காரை ஒரே வேகத்தில் ஓட்ட வேண்டும். முள் 50இல் நிற்க, 5 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்கும் நேரத்தைக் கிலோமீட்டர் கற்களைக் கொண்டு அளக்க வேண்டும். நேரத்தைக் குறிக்கும் பணி உடன் செல்பவருக்கு உரியது. ஓட்டுநரின் பார்வை சாலையிலேயே இருத்தல் வேண்டும். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையிலுள்ள தூரம் சற்றே பிழைபட்டிருக்கலாம் என்பதால், ஐந்து கிலோமீட்டருக்கு அளப்பது நல்லது.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் 5 கிலோமீட்டரைக் கடக்க 360 நொடிகள் ஆகும். 300 நொடிகளிலேயே கடந்துவிட்டால், உண்மை வேகம் 60 ஆகும். இதே பயணத்தில் தொலைவுமானி எத்தனை கிலோமீட்டரைக் காட்டியது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

குறை எங்கே உள்ளது?

தொலைவுமானி சரியாக 5 கிலோமீட்டரைக் காட்டி, முள் மட்டும் பிழையாகக் காட்டினால், கேபிள் சரியான அளவில் சுழல்கிறது என்பது தெளிவு. குறை வேகமானியின் உள்ளே இருக்கிறது. காந்தம் வலுவிழந்தால் முள் குறைவாகக் காட்டும். சுருள்வில் தளர்ந்தால் முள் மிகுதியாகக் காட்டும். வண்டி நிற்கும்போதும் முள் பூச்சியத்திற்குத் திரும்பவில்லையெனில், முள் இடம் பெயர்ந்திருக்கலாம், சுருள்வில்லும் பழுதுபட்டிருக்கலாம்.

தொலைவுமானியும் அதே விகிதத்தில் பிழையாகக் காட்டினால், கேபிளுக்கு வரும் சுழற்சியே தவறானது. டயரை மாற்றியதால் இது நேரலாம். 60 செ.மீ. விட்டமுள்ள டயர்களுக்கு மாற்றாக 63 செ.மீ. விட்டமுள்ளவற்றைப் பூட்டினால், சக்கரம் ஒரு சுற்றில் 5 விழுக்காடு மிகுதியான தூரத்தைக் கடக்கும். முள் 60 எனக் காட்டும்போது கார் 63இல் ஓடும். பிழை இதனினும் மிகப் பெரிதாயின், வேறொரு காரின் கியர்பாக்ஸோ பின்னச்சோ வேகமானியோ பொருத்தப்பட்டிருக்கலாம்.

இதனை உறுதிசெய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. ஆங்கிலேயர் முறையில் அமைந்த பல வேகமானிகளின் முகப்பில், 1000 என்பது போன்ற சிறு எண் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை முறை சுழல வேண்டும் என்பதை அது குறிக்கும். கேபிளை வேகமானியிலிருந்து கழற்றி, அதன் உள்கம்பியின் நுனியில் சிறு அட்டையை அம்புக்குறி போலச் செருக வேண்டும். பின்னர், சமதளத்தில் காரை நியூட்ரலில் வைத்து, 16.09 மீட்டர் தூரம் மெல்லத் தள்ள வேண்டும். இது மைலில் நூற்றில் ஒரு பங்கு. அட்டை 10 முறை சுழன்றால், கியர்பாக்ஸும் டயரும் கருவிக்குப் பொருத்தமானவை.

முள் நடுங்கினாலோ துள்ளினாலோ, கேபிளை ஆராய வேண்டும். அது எங்கேனும் கூர்மையாக மடங்கியிருக்கலாம். மசகின்றி உலர்ந்தும் இருக்கலாம். ஆனால், அளவுக்கு மீறி மசகு இடுவதும் தீங்கே. மசகு கேபிளின் வழியே ஏறிக் கிண்ணத்தில் படிந்தால், காந்தம் கிண்ணத்தை மிகுதியாக இழுக்கும். முள் கட்டுக்கடங்காமல் மேலேறும். எனவே, கேபிளின் மேல்முனையை ஒட்டிய பகுதிக்கு மசகு இடலாகாது. முள்ளும் தொலைவுமானியும் ஒருசேர நின்றுவிட்டால், கேபிள் அறுந்திருக்கலாம் அல்லது அதனைச் சுழற்றும் பற்சக்கரம் தேய்ந்திருக்கலாம்.

முள் பிழையாகக் காட்டியவுடன் வேகமானியையே மாற்றிவிடுவோர் பலர். குறை டயரில் இருப்பின், புதிய கருவியும் அதே பிழையைக் காட்டும். நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருந்தைத் தேட வேண்டும் என்பது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் கற்பிக்கும் முறை. அம்முறை மனித உடலுக்கு மட்டுமன்றி, பழைய காருக்கும் பொருந்தும்.

சொற்பொருள்

விழுக்காடு – சதவீதம்
காப்புரிமை – புதிய கண்டுபிடிப்பின் மீது அதைக் கண்டவருக்கு வழங்கப்படும் சட்ட உரிமை
சுருள்வில் – ஸ்பிரிங்
மசகு – கிரீஸ், உராய்வைக் குறைக்கும் பொருள்
முகப்பு – கருவியின் எண்கள் தெரியும் முன்பகுதி
ஒருசேர – ஒரே நேரத்தில்

பயிற்சி

1. காந்தமும் கிண்ணமும் தொடாதபோதும் கிண்ணம் எவ்வாறு இழுக்கப்படுகிறது?
2. முள் 60இல் நிற்க, ஒரு கார் 5 கிலோமீட்டரை 250 நொடிகளில் கடந்தது. அதன் உண்மை வேகம் என்ன? முள் குறைவாகக் காட்டுகிறதா, மிகுதியாகக் காட்டுகிறதா?
3. தொலைவுமானி சரியாகவும் முள் பிழையாகவும் காட்டினால், குறை எங்கே உள்ளது? காரணம் கூறுக.
4. பிரித்து எழுதுக: புதிதன்று, அச்சுழற்சி, இவ்விரண்டு, போதாமற்போகும்.
5. வீட்டில் பழுதான ஒரு பொருளின் குறையைக் கண்டறிந்த முறையைப் பத்து வரிகளில் எழுதுக.