இரண்டு சீட்டு, ஒரு கல்லீரல்

மருந்தும் மனிதரும் – 23

காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், கூட வரும் மருந்துகளை உடம்பை விட்டு எவ்வளவு சீக்கிரம் விரட்டிவிடுகிறது என்று போன வாரம் பார்த்தோம். அதே வேலையைச் செய்யும் இன்னொரு மாத்திரை மனநலப் பிரிவில் பல காலமாகப் புழங்குகிறது. கார்பமசெபைன். வலிப்புக்குக் கொடுப்பார்கள், இருமுனை மனநோயில் மனம் கட்டுமீறிக் கொந்தளிக்கும்போதும் கொடுப்பார்கள். விலை குறைந்த, நல்ல மருந்து. அதைச் சாப்பிடுகிறவருக்கு எச்.ஐ.வி.யும் இருந்தால் என்ன ஆகும்?

தாம்பரம் சானடோரியம் உள்ளிட்ட சில இடங்களில் 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.க்கு ஏ.ஆர்.டி. என்னும் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியபோது காலை, மாலை என்று மாத்திரை விழுங்க வேண்டியிருந்தது. இன்று பெரும்பாலோருக்கு ஒரே மாத்திரை: டி.எல்.டி. டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50. நாளுக்கு ஒன்று போதும். இதில் கிருமியை அமுக்கிப் பிடிக்கும் முக்கியமான கை டோலுடெக்ராவிர். அதோடு கார்பமசெபைன் சேர்ந்தால், ரத்தத்தில் இருக்க வேண்டிய டோலுடெக்ராவிரில் ஏறத்தாழப் பாதி காணாமல் போகிறது. அடுத்த வேளை நெருங்கும் நேரத்தில் மிஞ்சுவது இன்னும் சொற்பம்.

காரணம் கல்லீரல். வேண்டாததைக் கழித்து வெளியேற்றும் நொதிகள் அங்கே இருக்கின்றன. மொட்டை மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே அளவு தண்ணீர் ஏற்றுகிறோம், ஒரே குழாய் வழியாக இறங்குகிறது, மட்டம் நிலையாக நிற்கிறது. கார்பமசெபைன் அந்தக் குழாயை அகலமாக்கிவிடுகிறது. அதே அளவு ஏற்றினாலும் மட்டம் இறங்கிவிடுகிறது. ஒரே நாளில் இது நடப்பதில்லை, சில வாரங்கள் பிடிக்கும். அதனால்தான் புது மாத்திரையின்மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

இதற்கு எளிய வழி உண்டு: டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராமைப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் இன்னொரு முறை கொடுப்பது. கூடுதலாக ஒரு மாத்திரை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு மாத்திரையை எழுத வேண்டிய மருத்துவருக்கு, நோயாளி மனநலப் பிரிவுக்கும் போகிறார் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பெரும்பாலும் தெரிவதில்லை. "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்ற கேள்விக்கு "இல்லீங்க" என்ற பதில் இரண்டு இடத்திலும் வருகிறது. ஏ.ஆர்.டி. டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு வீட்டுக்கு எடுத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டிய மனைவியிடமே சொல்லாத ஒன்றை, வரிசையில் பின்னால் நிற்பவர் காதுபட மனநல மருத்துவரிடம் எப்படிச் சொல்வார்? மனநல மாத்திரை சாப்பிடுவதை ஏ.ஆர்.டி. மையத்தில் சொல்லவும் அதே தயக்கம்தான். ஒரு நோயை மறைப்பதே பெரும் பாரம். இவர்கள் இரண்டை மறைக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்படி மருந்து குறையும்போது உடம்பு எந்தச் சத்தமும் போடுவதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் அச்சம் தருவது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ரத்தத்தில் கிருமியின் அளவைக் காட்டும் வைரல் லோட் பரிசோதனையை, சிகிச்சை நிலைப்பட்டவர்களுக்கு நம் திட்டத்தில் ஆண்டுக்கு ஒருமுறை செய்கிறார்கள். பரிசோதனை முடிந்த மறுவாரம் கார்பமசெபைன் தொடங்கினால், கிருமி தலைதூக்குவது தெரியவர ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகிவிடலாம். அரைகுறை மருந்துக்கு நடுவே பெருகும் கிருமி, அந்த மருந்தையே எதிர்க்கப் பழகிக்கொள்ளக்கூடும்.

குழாய் அடைபட்டால் கதை வேறு. இரண்டாம் கட்டச் சிகிச்சையில் அட்டசனாவிர், லோபினாவிர் போன்ற மருந்துகளோடு ரிட்டோனாவிர் சிறிய அளவில் சேர்க்கப்படுகிறது. 1996இல் எச்.ஐ.வி. மருந்தாகவே அனுமதி பெற்ற அது, இன்று கூட்டாளி மருந்தைக் கல்லீரல் சீக்கிரம் கழிக்காமல் தடுப்பதற்கே பயன்படுகிறது. அதற்குக் கூட்டாளி யார், அந்நியர் யார் என்று தெரியாது. மனச்சிதைவுக்குத் தரும் குவெட்டியாபினையும் தேக்கிவைக்கும். அதனால் குவெட்டியாபினை ஆறில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். 300 மில்லிகிராம் சாப்பிட்டவருக்கு 50. குறைக்காவிட்டால் அளவு மீறிய தூக்கம், ரத்த அழுத்தச் சரிவு, மயக்கம். இங்கே உடம்பு சத்தம் போடுகிறது. ஆனால் வீட்டார் "மனநோய் முற்றிவிட்டது" என்று அதைப் புரிந்துகொள்ள வாய்ப்புண்டு.

அலோபதி மாத்திரைகள்தான் மோதும் என்றும் எண்ண வேண்டாம். மனச்சோர்வுக்கு மேலைநாடுகளில் கடையிலேயே வாங்கிச் சாப்பிடும் மூலிகை, செயின்ட் ஜான்ஸ் வோர்ட். அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவன ஆய்வாளர்கள், எச்.ஐ.வி. மருந்தான இண்டினாவிரோடு அதை எட்டு ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் இண்டினாவிர் சராசரியாக 57 சதவீதம் குறைந்தது. 2000ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் அந்த முடிவு வெளியானது. டோலுடெக்ராவிரோடும் அந்த மூலிகை கூடாது. "பச்சிலைதானே, என்ன செய்யும்?" என்கிறவர்களிடம் நான் சொல்வது இந்தக் கணக்கைத்தான். பச்சிலையானாலும் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் படித்து யாரும் மனநல மருந்தே வேண்டாம் என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. எச்.ஐ.வி. உள்ளோரிடம் மனச்சோர்வு அதிகம். அதைக் கவனிக்காமல் விட்டால் ஏ.ஆர்.டி. மாத்திரையும் ஒழுங்காக உள்ளே போகாது. செர்ட்ராலின், எஸ்சிடலோப்ராம் இரண்டும் டி.எல்.டி.யோடு மோதுவதில்லை. கார்பமசெபைனுக்கு மாற்றாக வால்ப்ரோவேட் உண்டு. ஆனால் அது கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும். பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு அதை எழுதுவது எளிதான முடிவு அல்ல.

எந்த மருந்து எதோடு சேரும் என்பதை இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகக் குழு பல ஆண்டுகளாக இணையத்தில் இலவசமாகத் தருகிறது. மருத்துவர் கைபேசியிலேயே பார்க்கலாம். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. – எய்ட்ஸ் சட்டம், ஒருவரின் சம்மதமின்றி அவர் நிலையை வெளியிடக் கூடாது என்கிறது. சிகிச்சைக்குத் தேவையானபோது, அவருக்குச் சிகிச்சை தரும் இன்னொரு மருத்துவரிடம் தெரிவிக்க அதே சட்டம் இடமும் தருகிறது. குறைவது தனி அறை. கதவைச் சாத்திக்கொண்டு கேட்க ஐந்து நிமிடம் இல்லாத புறநோயாளிப் பிரிவில் இந்தச் சட்டம் யாருக்கும் உதவாது. மனநலப் பிரிவில் சொல்லக் கூச்சமாக இருந்தால், அங்கே தந்த சீட்டை ஏ.ஆர்.டி. மையத்தின் மருந்தாளுநரிடமாவது காட்டுங்கள். உங்கள் எச்.ஐ.வி. நிலை அவருக்கு முன்பே தெரியும்.

ஒன்று மட்டும்: நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். கார்பமசெபைனைச் சட்டென்று விட்டால் வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்லி நிறுத்தினாலும் கல்லீரல் பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை டோலுடெக்ராவிரின் இரண்டாவது வேளை தொடர வேண்டும்.

லித்தியமும் டெனோஃபோவிரும் மோதுவது கல்லீரலில் அல்ல, சிறுநீரகத்தில். அது அடுத்த வாரம்.

(தொடரும்)