சரக்குந்துப் பொறியின் கார்புரேட்டர் அளவு

கார்புரேட்டர் அளவு என்பது, குறிப்பிட்ட அழுத்த வேறுபாட்டில் ஒரு கார்புரேட்டர் வழியே நிமிடத்திற்கு எத்தனை கன அடி காற்று செல்லும் என்பதைக் காட்டும் அமெரிக்க அளவீடு ஆகும். டீசல் பொறிகளில் கார்புரேட்டர் இல்லை. எனவே இது பெட்ரோல் சரக்குந்துகளுக்கே பொருந்தும். 1980களில் எரிபொருள் உட்செலுத்தல் பரவியபின், பெரும்பாலும் பழைய வண்டிகளைப் பேணுவோருக்கே இக்கணக்கு தேவைப்படுகிறது.

நான்கு வீச்சுப் பொறி இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை இழுக்கிறது. எனவே கன அங்குலக் கொள்ளளவை உச்ச சுழற்சி வேகத்தால் பெருக்கி, 3456ஆல் வகுக்க வேண்டும் (ஒரு கன அடி 1728 கன அங்குலம், அதன் இருமடங்கு 3456). செவ்ரோலெட்டின் 350 கன அங்குலப் பொறிக்கு 4500 சுழற்சியில் 456 கன அடி வரும். உருளைகள் முழுதும் நிரம்புவதில்லை. 80 விழுக்காடு நிரம்பினால் தேவை 365 மட்டுமே.

பெரிய கார்புரேட்டர் கூடுதல் திறன் தரும் என்பது பரவலான தவறான எண்ணம். வெஞ்சுரி எனப்படும் குறுகிய கழுத்தில் காற்று விரைந்தால்தான் அழுத்தம் குறைந்து பெட்ரோல் உறிஞ்சப்படும். கழுத்து அகன்றிருந்தால், குறைந்த வேகத்தில் பாரம் இழுக்கையில் பொறி திணறும். சரக்குந்து பெரிதும் உழைப்பதோ அவ்வேகத்தில்தான். ஏறத்தாழ 750 கன அடி அளவுள்ள ராசெஸ்டர் குவாட்ராஜெட் இதே பொறியில் நன்கு இயங்கியதற்குக் காரணம், அதன் முதன்மைக் குழல்கள் சிறியவை; பெரிய துணைக் குழல்களின் காற்றுத் தடுக்கு தேவைக்கேற்பவே திறக்கும்.

நான்கு குழல் கார்புரேட்டர்கள் 1.5 அங்குலப் பாதரச அழுத்த வேறுபாட்டிலும், இரு குழல் வகை 3 அங்குலத்திலும் அளக்கப்படுகின்றன. ஆகவே 500 எனக் குறிக்கப்பட்ட இரு குழல் கார்புரேட்டர், நான்கு குழல் அளவுமுறையில் ஏறத்தாழ 354 மட்டுமே.