கடைசிக் கச்சேரி என்றார்கள்

1979 ஆகஸ்ட் 4ஆம் தேதி இங்கிலாந்தின் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் இசைக்குழுவுக்கு இரண்டு கச்சேரிகள். பகலில் நெப்வொர்த்தில், லெட் செப்பலின் ராக் குழுவைப் பார்க்கக் கூடியிருந்த பெருங்கூட்டத்துக்கு முன்னால் வாசித்தார்கள். அதை முடித்த கையோடு க்ராப்ரெடிக்கு ஓடினார்கள். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் பான்பரிக்குப் பக்கத்தில், கால்வாயோரம் இருக்கும் சின்னக் கிராமம் அது. 1644இல் இங்கிலாந்து உள்நாட்டுப் போரின்போது அங்கிருந்த பாலத்தருகே ஒரு சண்டை நடந்தது. சரித்திரப் புத்தகத்தில் ஊர்ப்பெயர் ஏறியது அதனால்தான். அந்த ஊர் வயலில் மேடை போட்டு, இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டு வாசித்தார்கள்.

அப்படிச் சொல்லக் காரணங்கள் இருந்தன. பங்க் இசை வந்த பிறகு நாட்டுப்புறப் பாட்டு பழங்கஞ்சி ஆகியிருந்தது. ஒப்பந்தப்படி பாக்கியிருந்த ஆல்பங்களைப் போடாமல் இருப்பதற்கே இசைத்தட்டு நிறுவனம் பணம் கொடுத்தது. பாடாமலிருக்கச் சம்பளம்! பிடில் வாசித்த டேவ் ஸ்வார்பிரிக்குக்கோ, வருடக்கணக்காக மின்கருவிகளின் இரைச்சலுக்கு நடுவே நின்றதில் காது கெட்டுக்கொண்டிருந்தது.

ஆனால் அடுத்த ஆண்டும் சும்மா ஒருமுறை சந்திப்போம் என்று அதே ஊரில் கூடினார்கள். அதற்கடுத்த ஆண்டும் கூட்டம் வந்தது. கலைந்த குழு இந்த வருடாந்தரச் சந்திப்புகளில் உயிரோடு இருந்தது. கடைசியில் 1985இல் குழுவையே திரும்ப அமைத்துவிட்டார்கள். அந்த ஆகஸ்ட் கச்சேரி இன்று மூன்று நாள் திருவிழா. 20,000 பேர் வரை கூடிய வருடங்கள் உண்டு. கொரோனா காலத்தில், 2020லும் 2021லும்தான் நின்றுபோனது.

குழு தொடங்கியது 1967இல், லண்டனின் மஸ்வெல் ஹில் பகுதியில். கிதார் கலைஞர் சைமன் நிக்கோலின் குடும்ப வீட்டுக்கு ‘ஃபேர்போர்ட்’ என்று பெயர். பையன்கள் அங்கே ஒத்திகை பார்த்ததால் குழுவுக்கும் அதுவே பெயரானது. முதலில் அவர்கள் வாசித்ததில் பெரும்பகுதி வட அமெரிக்கச் சரக்கு: பாப் டிலன், ஜோனி மிட்செல் பாட்டுகள். 1968இல் பாடகி சாண்டி டென்னி வந்து சேர்ந்தார். நாட்டுப்புறப் பாடல் மன்றங்களில் பாடிப் பழகியவர் என்பதால் பழைய பாட்டுகளும் அவரோடு உள்ளே வந்தன.

1969 மே 12 அதிகாலை. பர்மிங்காமில் கச்சேரி முடித்துத் திரும்பும்போது எம்1 நெடுஞ்சாலையில் வேன் கவிழ்ந்தது. டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் லாம்பிளும், கிதார் கலைஞர் ரிச்சர்ட் தாம்சனின் தோழி ஜீனி ஃபிராங்க்ளினும் இறந்துபோனார்கள். மார்ட்டினுக்கு வயது 19.

பிழைத்தவர்களுக்கு அவன் வாசித்த பாட்டுகளை இன்னொருவரை வைத்து வாசிக்க மனம் வரவில்லை. ‘தி பேண்ட்’ குழுவின் ‘மியூசிக் ஃப்ரம் பிக் பிங்க்’ ஆல்பம் அப்போது அவர்களை உலுக்கிக்கொண்டிருந்தது. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கத்தார் தங்கள் மண்ணின் இசையை இப்படி எடுக்கிறார்களே, நமக்கென்று என்ன இருக்கிறது என்ற கேள்வி வந்தது. பேஸ் கிதார் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ், லண்டனில் செசில் ஷார்ப் ஹவுஸ் நூலகத்தில் பழைய பாட்டுகளைத் தேடி உட்கார்ந்துவிட்டார். குழுவினர் ஹாம்ப்ஷயரில் ஒரு கிராமத்து வீட்டில் கூடி ஒத்திகை பார்த்தார்கள். ஸ்வார்பிரிக் முழுநேரமாகச் சேர்ந்தார். டிரம்ஸுக்கு வந்த டேவ் மட்டாக்ஸ் அதுவரை நடனக்கூடங்களில் வாசித்தவர். நாட்டுப்புற இசையில் அவருக்குப் பழக்கமே இல்லை. அதுவே நல்லதாயிற்று என்பேன். பிடிலுக்கும் குரலுக்கும் இடம் விட்டு அடிக்கிறார்.

அந்த வருடக் கடைசியில் வந்த ‘லீஜ் அண்ட் லீஃப்’ ஆல்பத்தை 2006இல் பிபிசி ரேடியோ 2 நேயர்கள், நாட்டுப்புற இசையில் ஆகப்பெரிய தாக்கத்தை உண்டாக்கியது என்று தேர்ந்தெடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அது கடைக்கு வருவதற்குள் டென்னியும் ஹட்சிங்ஸும் குழுவை விட்டுப் போய்விட்டார்கள். போவதும் வருவதும் இவர்களிடம் ஓயவே இல்லை. முதல் நாள் முதல் இருந்தவர்களில் இப்போது மேடையில் நிற்பது நிக்கோல் ஒருவர்தான். அவரும் நடுவில் சில வருடம் வெளியே போய்வந்தவர்.

ஸ்வார்பிரிக் கதை தனி. 1999இல் அவர் கோவென்ட்ரியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது லண்டன் நாளிதழ் ஒன்று அவசரப்பட்டு இரங்கல் கட்டுரையே போட்டுவிட்டது. கச்சேரி எடுபடாமல் போனால் ‘மேடையில் செத்தேன்’ என்பது அங்கே கலைஞர்களின் பேச்சுவழக்கு. கோவென்ட்ரியில் தான் சாவது இது முதல் தடவை அல்ல என்றாராம் மனிதர். பிறகு அந்த இரங்கலைப் பிரதியெடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கச்சேரிகளில் விற்றார். நிஜமாகவே அவர் இறந்தது 2016இல்.

க்ராப்ரெடி திருவிழாவின் சனிக்கிழமை இரவை முடிப்பது எப்போதும் இவர்கள்தான். நள்ளிரவை நெருங்கும்போது ‘மேட்டி குரோவ்ஸ்’ வரும். பேராசிரியர் சைல்ட் தொகுத்த 305 கதைப்பாட்டுகளில் 81ஆவது. பிரபுவின் மனைவி கோயிலில் ஓர் இளைஞனைப் பார்த்து வீட்டுக்கு அழைக்கிறாள். வேலைக்காரன் ஓடிப்போய் எஜமானிடம் சொல்கிறான். முடிவில் இரண்டு கொலை. இதில் பல்லவி கிடையாது. கதை ஓடிக்கொண்டே இருக்கும். கதை இங்கிலாந்துடையது, இவர்கள் பாடும் மெட்டோ அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பாட்டான ‘ஷேடி குரோவ்’. பாட்டின் கடைசியில் பிரபு இடும் கட்டளை, பிணங்களைப் புதைக்கும்போதுகூடக் குலப்பெருமை பார்க்கிறது. அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்ததும் பிடில் துள்ளி எழுகிறது. வயலே ஆட ஆரம்பிக்கிறது. சவக்குழியிலிருந்து நேரே ஆட்டத்துக்கு!

அதற்குப் பிறகு ‘மீட் ஆன் தி லெட்ஜ்’. விபத்துக்கு முன்பே, 1968இல் வெளிவந்த பாட்டு. எழுதிய தாம்சன் அப்போது இருபது வயதைத் தொடவில்லை. இறந்த நண்பர்களை நினைத்து எழுதியது போலவே இன்று ஒலிக்கிறது. விருந்தாளிக் கலைஞர்கள் எல்லாரும் மேடையேற, கூட்டம் சேர்ந்து பாடும். அதோடு திருவிழா முடிந்தது.

இவர்களைக் கேட்டதே இல்லை என்றால் 1969 ‘மேட்டி குரோவ்ஸ்’ பதிவிலிருந்து தொடங்குங்கள். எட்டு நிமிடப் பாட்டு. டென்னி பாடி முடித்ததும் நிறுத்திவிடாதீர்கள். பிடிலும் கிதாரும் மோதுவது அதற்குப் பிறகுதான்.